கேமரன் மலை லேண்ட்ரோவர்: கெட்டி பாடியா, லெக்சான் பாடியா?

செந்தூல் வண்டிக்காரன்:
கேமரன் மலையில் காய்கறி ஏற்றி ஓடும் பழைய லேண்ட்ரோவர் பிக்கப்பை ரேடியோ கண்ட்ரோல் வண்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடிச்சட்டம் டிராக்சஸ் கம்பெனியின் டிஆர்எக்ஸ்-4. ஓட்டம் அருமை. இனி பாடிதான் பாக்கி. கூட ஓட்டும் நண்பர்கள் எல்லாரும் லெக்சான் (மெல்லிய, வளையும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) போடு என்கிறார்கள். எனக்கோ ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த பாடிமேல்தான் ஆசை. கதவு திறக்க வேண்டும், கீல் தெரிய வேண்டும், மட்கார்டு முழுக்கத் துரு பிடித்த மாதிரி சாயம் அடிக்க வேண்டும். உங்கள் கருத்து என்ன?

பாறையேறி:
லெக்சான்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். கெட்டி பாடியின் எடை முழுக்க மேலே உட்காரும். சுங்கை சொங்காக் ஆற்றுப் பாறையில் வண்டியைப் பக்கவாட்டுச் சரிவில் ஓட்டிப் பார், லெக்சான் போட்டது ஒட்டிக்கொண்டு போகிற இடத்தில் கெட்டி பாடி போட்டது புரண்டுவிடும். புரண்டால் முதலில் விரிசல் விடுவது முன்கண்ணாடித் தூண். லெக்சான் வளைந்து கொடுத்துத் திரும்பவும் நிமிர்ந்துவிடும். அதோடு, லெக்சானுக்குச் சாயம் உள்பக்கம்தான் அடிக்கிறோம். வெளியே எவ்வளவு உரசினாலும் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது.

பினாங்கு குட்டி லோரி:
நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை. அவர் கட்டுவது தோட்டத்து வண்டி. இருபது முப்பது வருடம் கூடை உரசி, கிளை கீறி, வெயிலில் வெளுத்த வண்டி. லெக்சானில் சாயத்தைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் வழியாகத்தான் பார்க்கிறோம், அதனால் எப்போதும் ஷோரூம் பளபளப்புதான். கெட்டி பாடியில் பாறை உரசிய இடத்தில் சாயம் நிஜமாகவே போகும். ஓட்ட ஓட்ட வண்டிக்கு வயது கூடும். ஜன்னலையும் பாருங்கள். லெக்சானில் கண்ணாடியும் கதவும் ஒரே தளத்தில் இருக்கும். கெட்டி பாடியில் கண்ணாடி ரப்பருக்கு உள்ளே தள்ளி உட்காரும், அந்த நிழலே வண்டியை நிஜமாக்கிவிடும்.

பாறையேறி:
பளபளப்பைக் குறைக்க வழி இருக்கிறது. டாமியா கம்பெனியின் பிஎஸ்-55 மேட் கிளியர் ஸ்ப்ரே, லெக்சானின் வெளிப்பக்கம் அடிப்பதற்கென்றே வந்தது. ஜன்னல்களை டேப் போட்டு மறைத்துவிட்டு இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்தால் போதும்.

பினாங்கு குட்டி லோரி:
பளபளப்பு போகும், ஆழம் வராதே அண்ணே. வரைந்த கீல் வரைந்த கீலாகத்தான் தெரியும்.

பட்டறை அண்ணே:
பாடி சண்டையை அப்புறம் பார்ப்போம். அந்த மட்கார்டு துரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நிஜ லேண்ட்ரோவரைப் பிரித்துப் பூட்டும் போர்மன் நான்.

லேண்ட்ரோவர் மட்கார்டு சிவப்பாகத் துருப்பிடிக்காது தம்பி. அது அலுமினியக் கலவை. 1948-இல் முதல் வண்டி வந்தபோது போருக்குப் பிந்திய பிரிட்டனில் இரும்புத் தகடு கிடைப்பது கஷ்டம், அதனால் பாடியை அலுமினியத்தில் செய்தார்கள். பழைய டிஃபெண்டர் மாடலின் தயாரிப்பு 2016 ஜனவரியில் நிற்கும்வரை அப்படியே தொடர்ந்தது. இரும்பு இருப்பது அடிச்சட்டம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பல்க்ஹெட், கதவின் உள்சட்டம், கீல், போல்ட் தலை. துரு அங்கிருந்துதான் ஒழுகும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், முக்கியமாகக் கதவின் அடிவிளிம்பில், சாயம் கொப்புளித்து உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். மட்கார்டில் சாயம் உரிந்தால் தெரிவது மங்கிய சாம்பல் வெள்ளி. வண்டி முழுக்கச் செங்கல் நிறத்தைப் பூசி வைத்தால் லேண்ட்ரோவர் தெரிந்தவன் பார்த்ததுமே முகம் சுளிப்பான்.

செந்தூல் வண்டிக்காரன்:
அண்ணே, கேமரன் மலை தானா ராத்தாவில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. மட்கார்டு அடிப்பக்கம் நல்ல சிவப்பாக இருக்கிறதே?

பட்டறை அண்ணே:
அது மண். சக்கரம் வீசியடித்து, காய்ந்து, திரும்ப நனைந்து படிந்த மண். துரு ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே கோடாக இறங்கும். மண் சக்கரத்துக்குப் பின்னால் விசிறியாகப் பரவும். படத்தைப் பெரிதாக்கிப் பார்.

பினாங்கு குட்டி லோரி:
அண்ணே சொன்னதே கெட்டி பாடிக்குத்தான் பலம். முதலில் வெள்ளி நிறம் அடி, காயவிடு. அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஹேர்ஸ்ப்ரே. அதற்கும் மேலே அக்ரிலிக் பச்சை. காய்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்த பிரஷ்ஷால் விளிம்பில், கைப்பிடியைச் சுற்றி, பின்தொட்டி ஓரத்தில் தேய். பச்சை செதில் செதிலாக விட்டு வெள்ளி எட்டிப் பார்க்கும், அலுமினியம் தெரிகிற அதே தோற்றம். லெக்சானின் உள்பக்கத்தில் இதைச் செய்ய முடியுமா?

பாறையேறி:
முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புரளும் வண்டிக்கு அழகிருந்து என்ன பயன்? இந்த வண்டி அலமாரிக்கா, ஆற்றுக்கா? அதை அவர் இன்னும் சொல்லவே இல்லை.

செந்தூல் வண்டிக்காரன்:
இரண்டுக்கும்தான் அண்ணே. ஆனால் போட்டிக்குப் போக மாட்டேன். மெதுவாக மலைப்பாதை ஓட்டம்தான்.

பாறையேறி:
போட்டி இல்லையென்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதிக்கு வேலை சொல்கிறேன். கூரைமேல் கேரியர், உதிரி டயர் எதுவும் ஏற்றாதே. எடையைக் கீழே கொண்டுவா, முன் அச்சில் பித்தளை நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு), சக்கரத்துக்குள் எடை வளையம். டிஆர்எக்ஸ்-4-க்குப் போர்ட்டல் அச்சு, சக்கரத்தருகே உள்ள பல்சக்கரங்கள் அச்சையே உயர்த்திவிடுவதால் வண்டி ஏற்கெனவே உயரம். பாடியை எவ்வளவு தாழ்த்திப் பூட்ட முடியுமோ அவ்வளவு தாழ்த்து, டயர் உரசாத வரைக்கும். பின்தொட்டியைக் கெட்டி பிளாஸ்டிக்கில் செய்யாமல் மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் செய். முட்டைக்கோஸ் மூட்டை வைத்தால் ஸ்பாஞ்சில் செய். இன்னமும் சொல்கிறேன், நானாக இருந்தால் லெக்சான்தான்.

பினாங்கு குட்டி லோரி:
மூட்டை, கூடை, டிரைவர் பொம்மை வாங்கும்போது 1/10, அதாவது நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு, என்ற அளவை நம்பாதீர்கள். டிஃபெண்டர் 110-இன் சக்கர இடைவெளி 110 அங்குலம், அதாவது 2794 மில்லிமீட்டர். டிஆர்எக்ஸ்-4 டிஃபெண்டருக்கு 324. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1/8.6 வருகிறது. 1/10 டிரைவரை உட்கார வைத்தால் சின்னப் பையன் ஓட்டுகிற மாதிரி இருக்கும். நம்பர் பிளேட்டையும் மறக்க வேண்டாம். கறுப்பில் வெள்ளை எழுத்து, பகாங் வண்டி என்பதால் ‘சி’-யில் தொடங்க வேண்டும்.

பட்டறை அண்ணே:
சாயம் வாங்கும்போது டப்பாவைப் பார்த்து வாங்கு. டாமியாவில் பிஎஸ் வரிசை லெக்சானுக்கு, டிஎஸ் வரிசை கெட்டி பிளாஸ்டிக்குக்கு. மாற்றி அடித்தால் டிஎஸ் லெக்சானிலிருந்து உரிந்து வரும், பிஎஸ் கெட்டி பிளாஸ்டிக்கை அரித்துவிடும். கோலாலம்பூரில் மதியத்துக்குமேல் மழை கட்டினால் ஸ்ப்ரேயைத் தொடாதே. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சாயம் பால் மாதிரி வெளுத்துவிடும். வெயில் ஏறிய காலை நேரம்தான் சரி. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்கி, துடைத்துவிட்டு அடி. சுடுதண்ணீர் வேண்டாம்.

செந்தூல் வண்டிக்காரன்:
சரி, கெட்டி பாடியே போடுகிறேன். சிவப்புத் துரு பல்க்ஹெட்டிலும் கீலிலும் மட்டும். மட்கார்டில் வெள்ளியும் மண்ணும்.

பாறையேறி:
அப்படியானால் சாயம் அடிக்கும் முன்னாடியே வெறும் பாடியைப் பூட்டிக்கொண்டு ஒருநாள் சொங்காக் வா. பக்கச் சரிவில் எந்த இடத்தில் புரள்கிறது என்று பார்த்து, பித்தளையை அங்கேயே கூட்டிக் குறைப்போம். அதன்பிறகு டப்பாவைத் திற.