நம் வீடு (குடும்பக் குழு)

நந்தினி: [படம்] சித்தப்பா, கவின் உப்புநீர்த் தொட்டிக்கு இந்த மீன்தான் வேண்டும் என்கிறான். பங்காய் கார்டினலாம். வாங்கலாமா?

முருகேசன் சித்தப்பா: வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள், ஒன்று கண் மேலேயே. ஆழமாகப் பிளந்த வால். அதேதான். சுமார் 8 செ.மீ. வரைதான் வளரும்.

முருகேசன் சித்தப்பா: பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று முதலில் கேள்.

ரேவதி அத்தை: மீனுக்கும் ஜாதகம் பார்க்க வேண்டுமா?

முருகேசன் சித்தப்பா: இதற்குப் பார்க்கத்தான் வேண்டும் ரேவதி. இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கிழக்கே இருக்கும் பங்காய் தீவுகள்தான் இதன் பூர்வீகம். 1990களில் மீன் வளர்ப்பவர்கள் கண்ணில் பட்டது, லட்சக்கணக்கில் அள்ளிவிட்டார்கள். 2007இல் அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கார்த்திக்: பக்கத்துத் தீவுகளுக்கு நீந்திப் போய்ப் பெருகாதா?

முருகேசன் சித்தப்பா: போகாது. பெரும்பாலான பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் பரவும். இதற்கு அந்தப் பருவமே கிடையாது. பெண் இடும் முட்டைகளை ஆண் வாயில் வாங்கிக்கொள்கிறது. பொரிய ஏறக்குறைய 20 நாள். பொரிந்த பிறகும் 10 நாள் போல குஞ்சுகள் அந்த வாய்க்குள்தான். அதுவரை அதற்குச் சாப்பாடு இல்லை. வெளியே விட்டால், விட்ட இடத்திலேயே தங்கிவிடும்.

ரேவதி அத்தை: பிள்ளைகளுக்காக ஒரு மாதம் பட்டினி கிடக்கும் தகப்பன்! அண்ணா, படித்தீர்களா?

அப்பா: படித்தேன். தாய்க்கு அந்த மாதம் என்ன வேலை என்று அவனைக் கேள்.

முருகேசன் சித்தப்பா: அண்ணா, முட்டை ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. அந்த உடம்புக்கு அது மிகப் பெரிது. அடுத்த ஈட்டுக்கு அவள் தின்று தேற வேண்டாமா?

அப்பா: 🙏

நந்தினி: பட்டை எதற்கு என்று கவின் கேட்கிறான்.

முருகேசன் சித்தப்பா: நல்ல கேள்வி! அலையடிக்காத ஆழமற்ற விரிகுடாக்களில், கடற்புல்லும் பவளமும் உள்ள இடத்தில் வாழ்கிறது. அங்கே நீண்ட கறுப்பு முட்களோடு கடல் முள்ளெலிகள் இருக்கும். அவற்றின் மேல் கூட்டமாக நிற்கும். ஆபத்து வந்தால் முட்களுக்குள் இறங்கிவிடும். உள்ளே போனால் எது முள், எது பட்டை என்று தெரியாது. குஞ்சுகள் கடல் சாமந்திக்குள்ளும் ஒளியும். சொந்த இனத்துப் பெரிய மீன்களே அவற்றைத் தின்றுவிடும் என்பதால் ஒளியத்தான் வேண்டும்.

முருகேசன் சித்தப்பா: அந்த முள்ளெலிகளையும் இப்போது ஆட்கள் உணவுக்காக எடுத்துவிடுகிறார்கள். மீனைப் பிடிப்பது போதாதென்று வீட்டையும் பிடுங்குகிறார்கள்.

நந்தினி: கடைக்காரர் "இறக்குமதி" என்று மட்டும் சொல்கிறார்.

முருகேசன் சித்தப்பா: அப்படியென்றால் வேண்டாம். தாய்லாந்துப் பண்ணைகளில் வளர்த்தது வரும், காத்திரு.

நந்தினி: சரி. ஆனால் கவின் இப்போது முள்ளெலியும் கேட்கிறான்!

முருகேசன் சித்தப்பா: பெரிய தொட்டியென்றால் வைக்கலாம். கையை மட்டும் உள்ளே விடச் சொல்லாதே. முள் குத்தினால் உடைந்து தோலுக்குள்ளேயே நின்றுவிடும்.