சிவாவா நாய்க்கு ஸ்கேனில் பித்தப்பை தெரியவில்லை, வழிகாட்டுங்கள்

எங்கள் சிவாவா நாய்க்கு இரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி, ஏஎல்பி என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் கூடியிருக்கின்றன. மஞ்சள் காமாலை இல்லை. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்று பட்டினி போட்டுத்தான் ஸ்கேன் செய்தார்கள், அப்படியும் கண்ணில் படவில்லை. பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம் என்கிறார் டாக்டர். இந்த இனத்தில் அப்படிச் சில நாய்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மிகச் சிறியதாகவோ இடம் மாறியோ இருந்தாலும் அல்ட்ராசவுண்டில் தவறிவிடலாம். அதனால், பித்தத்தில் கலந்து வெளியேறும் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் தெளிவாகத் தெரியவைப்பது) ஏற்றிப் பித்தக் குழாய்களைப் பார்க்கும் சிடி ஸ்கேன் எடுக்க நினைக்கிறோம். வழக்கமான கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், குழாய்களை நிரப்பிக் காட்டாது.

சென்னை அல்லது பெங்களூரில் நாய்களுக்கு இதைச் செய்கிற இடம் தெரியுமா? எடை இரண்டு கிலோதான், மயக்க மருந்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்புறம், நாய்க்கு லேப்ராஸ்கோபியில் (சிறு துளை வழியாக) கல்லீரல் பயாப்ஸி (திசு மாதிரி) எடுத்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள், ப்ளீஸ்.