73 வயதில் இழந்த கால்வலு திரும்புமா?

கேள்வி:
வணக்கம். ஈராண்டுகளுக்கு முன்புவரை தரையில் சம்மணமிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார், இப்போது நாற்காலியிலிருந்துகூடக் கையை ஊன்றாமல் எழ முடியாமல் தவிக்கிறார். மூட்டுவலி இல்லை, தொடைகள்தாம் மெலிந்துவிட்டன. வயதானால் அப்படித்தான் என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி, அவரும் கட்டிலோடு ஒடுங்கிவிட்டார். சத்துமாவு, லேகியம் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (இயன்முறை மருத்துவர்):
உண்டு. முதுமையில் தசை கரையும் இந்நிலைக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் சார்கோபீனியா என்று பெயரிட்டார். 1990இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வொன்றில், மரியா ஃபியாட்டரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி அளித்தனர். முடித்தவர்களின் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத்தசையின் பரப்போ 9 விழுக்காடுதான் கூடியது. இருக்கும் தசையை நரம்புகள் முழுமையாக இயக்கப் பழகுவதே முதலில் நிகழ்கிறது என்பதால், தொடை பருக்கவில்லையே என்று மனம் தளர வேண்டாம். ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் 32 விழுக்காடு குறைந்துவிட்டது.

சுவரோடு சேர்த்துப் போட்ட நாற்காலியில் இரண்டு தலையணைகளை வைத்து உயர்த்தி, கைகளை மார்பில் கட்டியபடி எழுந்து, மிக மெதுவாக அமரச் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டுமுறை வீதம் இரண்டு சுற்று. எளிதானதும் ஒரு தலையணையை எடுத்துவிடலாம். நடைப்பயிற்சி நல்லதே, எனினும் தொடைக்கு அது மட்டும் போதாது.

மறுமொழி 2:
என் தந்தைக்கும் இதே தளர்ச்சி வந்தபோது, இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவும் தைராய்டு குறைபாடும் தெரியவந்தன. ஆகவே முதலில் மருத்துவரைப் பாருங்கள். உணவையும் கவனியுங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் உள்ளது என்னும்போது, காலையில் இரண்டு இட்லி, இரவில் ரசஞ்சோறு என்றிருப்பவருக்கு அது எப்படி எட்டும்? சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று இரண்டு தலையணைகளுடன் நான்குமுறை எழுந்தார். ஐந்தாவதுமுறை மேசையைப் பிடித்துக்கொண்டார். அது கணக்கில் சேருமா?

மறுமொழி 1:
சேரும். எழும்போது பிடித்துக்கொள்ளட்டும், அமரும்போது மட்டும் பிடியை விட்டு, ஐந்து எண்ணும்வரை மெல்ல இறங்கச் சொல்லுங்கள். அருகில் நீங்கள் நில்லுங்கள்.