மறு: ஹாப் – ‘தாவல்’ வேண்டாம், ‘கடவை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். கணினி வலையமைப்பில் ஒரு பொதி (தரவுத் துண்டு) ஒரு திசைவியிலிருந்து (தரவை வழிகாட்டி அனுப்பும் கருவி) அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு கட்டத்தையும் ஹாப் (hop) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஹாப் என்றால் தாவுவதுதானே, ‘தாவல்’ என்றே வைத்துவிடலாம். தவளைப் பாய்த்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. உலாவியின் டேபுக்குப் பல மென்பொருள்களில் ‘தாவல்’ என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதுகூடச் சின்னச் சிக்கல்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பொருளில்தான் பெரிய சிக்கல். தவளை தாவும்போது நடுவில் உள்ளதை விட்டுவிட்டுப் போகிறது. இடையில் உள்ள நூற்பாவை விட்டு அப்பால் உள்ளதோடு சேர்வதால்தான் இலக்கணத்தில் அந்தப் பெயர் வந்தது. நம் பொதி அப்படிப் போவதில்லையே! வழியில் இருக்கும் ஒவ்வொரு திசைவியிலும் டிடிஎல் (TTL, Time To Live) எண்ணில், அதாவது பொதி இன்னும் எத்தனை திசைவிகளைக் கடக்கலாம் என்று சொல்லும் எண்ணில், ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் அது நகர்கிறது.

பொதி போகும் வழியில் உள்ள திசைவிகளைப் பட்டியலிடும் டிரேஸ்ரூட் (traceroute) கருவி இயங்குவதே இந்தக் கழித்தலை நம்பித்தான். முதலில் டிடிஎல் 1 என்று வைத்து அனுப்புகிறது. முதல் திசைவியிலேயே அது சுழியாகிவிடும். திசைவி பொதியை எறிந்துவிட்டு, ‘காலம் முடிந்தது’ என்று நமக்குச் சேதி அனுப்பும். அப்புறம் 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகும். லினக்ஸில் வழக்கமான உச்சம் 30, ஒவ்வொரு திசைவிக்கும் ஒரு வரி, வரிக்கு மூன்று பொதிகள். பதில் வராத பொதிக்கு ஓர் உடுக்குறி (*).

மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது நானும் ‘தாவல்’ என்றுதான் சொன்னேன். நடுவே ஒரு வரியில் மூன்று உடுக்குறிகள் வந்தன. “அந்தத் திசைவியைத் தாவிப் போய்விட்டதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வியில் தவறே இல்லை, நான் கொடுத்த சொல் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. உண்மையில் பொதிகள் அந்தத் திசைவி வழியாகத்தான் போயின, அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த வரிகளில் பதில் வந்ததே அதற்குச் சான்று. இதே வேலையைத் தொடர்ந்து செய்யும் எம்டிஆர் (mtr) கருவி காட்டும் இழப்பு விழுக்காட்டிலும் (பதில் வராத பொதிகளின் அளவு) இதே மயக்கம் வரும். நடுத் திசைவியில் இழப்பு தெரியும், கடைசியில் ஒன்றும் இருக்காது. அந்தத் திசைவி இத்தகைய பதில்களைக் குறைத்து அனுப்புகிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

அதனால் ‘கடவை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இலங்கையில் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று அன்றாடம் புழங்கும் சொல் இது. கடந்துபோகும் இடம் என்று சொன்னவுடனே புரிகிறது. ‘அடுத்த கடவை’, ‘கடவை எண்ணிக்கை’ என்று சேர்த்துச் சொன்னாலும் நாக்கில் ஒட்டுகிறது. அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் ‘எட்டு’ என்ற பரிந்துரையும் அழகானதுதான், ஆனால் 8 ஹாப் என்பதை ‘எட்டு எட்டு’ என்று எழுத வேண்டி வருமே.

டிடிஎல்லுக்கும் இதிலேயே வழி கிடைக்கிறது. ‘வாழும் நேரம்’ என்றால் நொடிக் கணக்கு என்று தோன்றும். 1981-இல் வந்த ஐபி (இணைய நெறிமுறை) வரையறையில் நொடி என்றுதான் இருந்தது, நடைமுறையில் திசைவிக்கு ஒன்று என்றே கழிகிறது. அதன் புதிய பதிப்பான ஐபிவி6-இல் பெயரையே ஹாப் லிமிட் என்று மாற்றிவிட்டார்கள். நாம் ‘கடவை வரம்பு’ என்று எழுதினால் மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கருவி காட்டும் டிடிஎல் எண்ணும் விளங்கும். 64-இல் கிளம்பிய பதில் 57-ஆக வந்தால், திரும்பும் வழியில் 7 கடவைகள்.

கடவுச்சொல், கடவுச்சீட்டு ஆகியவற்றோடு குழம்புமா என்பதுதான் என் ஒரே தயக்கம். இலங்கை நண்பர்கள் காதுக்கு இது எப்படி ஒலிக்கிறது என்று சொல்லுங்கள்.