லாங்ஆர்மில் பிறர் குவில்ட்டை முடித்துக் கொடுக்கும்போது: பார்டர் அலை, பின்பக்க நூல் இழுப்பு, கூலிக் கணக்கு

செவ்வந்தி_தையல் (டல்லஸ்)

வணக்கம். 20 அங்குல த்ரோட் (ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவிலுள்ள இடம்), 10 அடி ஃபிரேம், ஸ்டிச் ரெகுலேட்டர் (தையல் நீளத்தைச் சீராக வைக்கும் கருவி) உள்ள லாங்ஆர்ம் மெஷின்; குவில்ட்டை (மூன்றடுக்குப் போர்வையை) ஃபிரேமின் ரோலர்களில் சுற்றி, மெஷினை அதன் மேல் நகர்த்தித் தைப்பது. கம்ப்யூட்டர் கிடையாது, பின்பக்கம் நின்று லேசர் புள்ளியை வைத்து பேன்டோகிராஃப் (காகிதத்தில் அச்சிட்ட தொடர் வடிவம்) ஓட்டுகிறேன். இங்கே டாப்பை (மேல்துணியை) மட்டும் தைத்துவிட்டு, பேட்டிங்கும் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கும்) பேக்கிங்கும் (அடித்துணியும்) சேர்த்துத் தைக்கும் வேலையை வெளியே கொடுப்பவர்கள் நிறைய. அந்த வேலையைக் கூலிக்கு எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போது கையில் இருப்பதைப் பற்றிக் கேட்கிறேன்.

டாப் 72 x 90 அங்குலம். நடுவில் அளந்தால் நீளம் சரியாக 90. ஆனால் இடது ஓரம் 92½, வலது ஓரம் 93. பார்டர் 6 அங்குல அகலம், தரையில் விரித்தால் அலை அலையாக நிற்கிறது. பேக்கிங் இரண்டு துண்டு சேர்த்தது, இணைப்புத் தையல் நீளவாக்கில் ஓடுகிறது. இப்படியே ஏற்றலாமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இன்னொன்று: வளைவுகளில் மட்டும் பின்பக்கம் மேல்நூல் இமை மயிர் போல இழுபட்டுத் தெரிகிறது. நேர்கோட்டில் இல்லை. 40 வெயிட் (எண் கூடினால் நூல் மெல்லியது) பாலியெஸ்டர் நூல், 4.0 அளவு ஊசி.

கூலியை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்? அடுத்ததாகப் பழைய பட்டுச் சேலைத் துண்டுகளில் தைத்த டாப் ஒன்று வரப்போகிறது. அதற்கும் சொல்லுங்கள்.

---

ஓரத்தையல்

முதலில் அந்த அலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. பார்டரை இரண்டு இடத்தில் அளக்கணும்: உள்தையல் ஓடுற கோட்டில் ஒரு அளவு, வெளி ஓரத்தில் ஒரு அளவு. உள்கோடு 90க்குப் பக்கத்தில் இருந்து வெளி ஓரம் மட்டும் 93 வந்தால், துணி கையாண்டதில் நீண்டிருக்கு. ஸ்டார்ச் அடிச்சு, அயர்ன் பாக்ஸை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து நீராவி கொடுத்தால் பாதிக்கு மேல் உள்ளே வந்துடும். உள்கோடே 92½ இருந்தால் பார்டர் பட்டையை அளக்காமல் நீளமாக வைத்துத் தைச்சு, மிச்சத்தை ஓரத்தில் வெட்டியிருக்காங்க. இதுக்கு நீராவி வேலை செய்யாது.

இரண்டாவது வகையாக இருந்தால் நான் திருப்பிக் கொடுங்கன்னுதான் சொல்வேன். 90 அங்குலத்தில் ஒரு அங்குலம் வரைக்கும் அமுக்கிடலாம். இரண்டரை, மூணு அங்குலத்தைக் கொசுவம் விழாமல் அடக்க முடியாது. விழுந்தால் உங்க கைவேலைன்னுதான் பேர் வரும். உரிமையாளர்கிட்ட அளவோட சொல்லுங்க: "நடு 90, ஓரம் 93." விரிச்சு வைத்த படம் ஒண்ணும் அனுப்புங்க. பார்டரைப் பிரிச்சு 90க்கு வெட்டி, நடு, கால், முக்கால் இடங்களில் குண்டூசி குத்திப் பொருத்தி மறுபடி தைக்கறது அவங்களே செய்யக்கூடிய வேலை. நீங்க செய்தால் மணிக் கணக்கில் தனிக் கூலி.

டாப் வாங்கும்போதே இன்னும் சில பார்க்கணும். பார்டர் துண்டு துண்டாக இணைச்சதாக இருந்தால் சுற்றிலும் ⅛ அங்குலத்தில் ஒரு தையல் போட்டிருக்கணும், இல்லேன்னா ஓரத்தில் தையல் வாய் பிளக்கும். வெள்ளைத் துணிக்குப் பின்னால் கறுப்பு நூல் தொங்குதான்னு பாருங்க. தைச்சு முடிச்சபிறகு அது கோடாகத் தெரியும், எடுக்கவும் முடியாது. உள்ளே மறந்துபோன குண்டூசி இருக்கும், டாப் முழுக்கக் கையால் தடவிப் பாருங்க. கோடு எதால் வரைஞ்சாங்கன்னும் கேளுங்க. நீலத் தண்ணீர்ப் பேனா கோட்டின் மேல் இஸ்திரி போட்டால் நிரந்தரமாகத் தங்கிடும். சூட்டில் மறையும் பேனா குளிரில் திரும்ப வரும். டிசம்பரில் பார்சல் போற வழியிலேயே வந்துடலாம்.

---

பாபின் பெட்டி

திருப்பிக் கொடுப்பது சரியான வழிதான். ஆனால் பலர் "பிரிக்க மாட்டேன், இப்படியே தைத்துக் கொடுங்கள்" என்பார்கள். அதற்கு இந்த டாப்பில் ஒரு வழி இருக்கிறது: பக்கவாட்டில் திருப்பி ஏற்றுங்கள்.

72 x 90 டாப்புக்கு நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதல் வேண்டும், ஆக பேக்கிங் 80 x 98. திருப்பினால் 98 அங்குலம் ரோலர் வாக்கில் வரும். அது எட்டேகால் அடிக்கும் குறைவு, உங்கள் 10 அடி ஃபிரேமில் தாராளமாக உட்காரும். இதில் இரண்டு லாபம். பேக்கிங்கின் இணைப்புத் தையல் ரோலருக்கு இணையாகிவிடும். இப்போது இருக்கும் வாக்கிலேயே ஏற்றினால் சுற்றச் சுற்ற அந்தத் தையல் ஒரே இடத்தில் தடித்துக்கொண்டே போகும். நடு இறுகி இரண்டு பக்கமும் தொய்யும், தொய்ந்த இடத்தில் பின்பக்கம் மடிப்பு விழும். இரண்டாவது, நீண்டுபோன அந்த இரண்டு பார்டரும் ஃபிரேமின் மேலும் கீழும் வரும். பேட்டிங் மேல் 90 அங்குலத்தை அளந்து, நடு, கால், முக்கால் குறித்து, பார்டரின் அதே புள்ளிகளைப் பொருத்திக் குண்டூசி குத்துங்கள். மிச்சத் துணி ஒரே இடத்தில் குவியாமல் பரவும். பிறகு ஓரத்தில் ¼ அங்குலத்துக்குள் கச்சாத் தையல்.

பார்டரை லேசர் வைத்துப் பின்பக்கத்திலிருந்து ஓட்டாதீர்கள். ஊசிக்கு முன்னால் துணி குமிவது அங்கிருந்து தெரியாது. முன்பக்கம் வந்து, நெருக்கமான ஸ்டிப்பிள் (ஒன்றையொன்று வெட்டாமல் வளைந்து ஓடும் தையல்) மெஷினைக் கையால் நகர்த்திப் போடுங்கள். கம்பளி பேட்டிங் போட்டால் அதன் உப்பல் கொஞ்சம் துணியை விழுங்கும். அப்படியும் ஓரிரு சிறு மடிப்பு வரலாம் என்று முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். திருப்பி ஏற்றினால் பேன்டோகிராஃப் வடிவமும் 90 டிகிரி திரும்பும். சுருள், அலை போன்ற வடிவத்துக்குப் பரவாயில்லை. பறவை, மரம் என்றால் படுத்துக் கிடக்கும்.

பின்பக்க இழுப்புக்கு வருகிறேன். நேர்கோட்டில் சரியாக இருந்து வளைவில் மட்டும் வருகிறது என்றால் அளவு கொஞ்சம்தான் தவறியிருக்கிறது. வளைவில் வேகம் கூடுகிறது, ஊசி வளைகிறது, மேல்நூல் முடிச்சைப் பேட்டிங்குக்குள் இழுத்து வைக்க முடியாமல் பின்னால் தங்கிவிடுகிறது. மேல் டென்ஷனை (மேல்நூல் இறுக்கத்தை) மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நூல் அறும். பாபினிலிருந்து தொடங்குங்கள். பாபின் கேஸை உள்ளங்கையில் வைத்து நூலை மேலே இழுத்தால் கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையை விட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் பாபின் இறுக்கம். திருகைக் கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். கேஸின் தகட்டுக்கு அடியில் நூல்தூசி அடைந்திருந்தால் எந்த அளவும் நிற்காது. ஒரு காகித முனையை விட்டு வழித்து எடுங்கள். டோவா கேஜ் (பாபின் நூல் இறுக்கத்தை அளக்கும் கருவி) இருந்தால் எம் அளவு பாபினுக்கு 200ஐ ஒட்டித் தொடங்கலாம். அதன் பிறகு மேல் டென்ஷனைக் கூட்டுங்கள். சோதனைக்குத் தனித் துண்டு வேண்டாம், டாப்புக்கு வெளியே நிற்கும் அந்த 4 அங்குலத்தில் அதே பேட்டிங், அதே பேக்கிங் மேல் வளைவு போட்டு அடியில் கையை விட்டுத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரியும்.

குவில்ட்டை மத்தளம் போல இழுத்துக் கட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும். அடியிலிருந்து விரலைத் தள்ளினால் மேலே இன்னொரு கை அதைப் பிடிக்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும். ஊசியைக் குவில்ட்டுக்கு ஒன்று என்று மாற்றுங்கள்.

---

நெசவுக்காரி

பட்டுச் சேலை டாப்புக்கு மட்டும் சொல்கிறேன்.

பழைய பட்டு மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விலகிய கோடு தெரிந்தால் அதன் மேல் நெருக்கமான தையல் போடக் கூடாது, வரிசையாக ஊசி குத்தியதும் அங்கேயே கிழியும். துண்டுகளின் பின்னால் மெல்லிய ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று டாப் வரும் முன்பே கேளுங்கள். வைக்கவில்லை என்றால் பெரிய, திறந்த வடிவம் மட்டும் போடுங்கள். வரிகளுக்கு இடையே எவ்வளவு விடலாம் என்பதை பேட்டிங் தீர்மானிக்கும்: ஹாப்ஸ் 80/20 என்றால் 4 அங்குலம் வரை, வார்ம் அண்ட் நேச்சுரல் என்றால் 10 அங்குலம் வரை. இற்ற பட்டுக்கு இரண்டாவது நல்லது.

பட்டில் ஊசித் துளை மறையாது. பருத்தியில் பிரித்துவிட்டு நகத்தால் தேய்த்தால் இழை கூடிவிடும், இதில் கூடாது. எனவே 3.5 ஊசி, 50 அல்லது 60 வெயிட் நூல், டென்ஷனை ஓரத்தில் முழுக்கச் சரிபார்த்த பிறகே டாப்பைத் தொடுங்கள். ஜரிகை ஊசி முனையை மழுக்கும். "டப் டப்" என்று சத்தம் வந்தால் உடனே ஊசியை மாற்றுங்கள், குவில்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேலைக் கரையில் ஜரிகை அடர்ந்த இடத்தைச் சுற்றிப் போவதுதான் நல்லது.

நேரடி நீராவி வேண்டாம், நீர்க்கறை விழும். மேலே பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் அழுத்துங்கள். அரக்கு, கருஞ்சிவப்பு, மயில் நீலம் எல்லாவற்றையும் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஏறினால், இதைத் துவைக்கக் கூடாது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

---

செவ்வந்தி_தையல்

உள்கோட்டிலும் அளந்தேன்: இடது 90¼, வலது 90¾. அப்படியென்றால் வெளி ஓரம்தான் நீண்டிருக்கிறது. ஸ்டார்ச், நீராவி கொடுத்துவிட்டுத் திருப்பி ஏற்றுகிறேன். மூவருக்கும் நன்றி அக்கா. கூலிக் கணக்கு?

---

ஓரத்தையல்

சதுர அங்குலக் கணக்குத்தான். 72 x 90 = 6480. ஒரு சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் வைத்தால் 129.60 டாலர், 2½ சென்ட் வைத்தால் 162. இது ஒரே பேன்டோகிராஃப் முழுக்க ஓடும் வேலைக்கு. பார்டருக்குத் தனி வடிவம், கட்டத்துக்குத் தனி வடிவம்னா நேரம் பல மடங்கு ஆகும், அதே விலையில் ஒத்துக்காதீங்க. சின்னக் குழந்தைக் குவில்ட் ஏற்றி இறக்கவும் பெரியதுக்கு ஆகிற நேரமே ஆகும். அதனால் குறைந்தபட்சக் கூலின்னு ஒண்ணு வையுங்க. பேட்டிங், நூல், பேக்கிங் இணைப்பு, இஸ்திரி, பைண்டிங் (ஓரத்தைச் சுற்றி மடிச்சுத் தைக்கிற பட்டை) எல்லாம் தனித்தனி வரியாக பில்லில் வரணும். உங்க டாப்புக்குக் கொடுத்த நீராவி வேலையும் ஒரு வரி.

இறக்கினதும் ஓரத்தை வெட்டவா வேண்டாமான்னு கேட்டுட்டு வெட்டுங்க. பைண்டிங் அவங்களே போடறதா இருந்தால் சிலர் பேட்டிங் கொஞ்சம் வெளியே நிற்கணும்னு நினைப்பாங்க. மிஞ்சின பேக்கிங் துணி அவங்களுடையது. மடிச்சு உள்ளே வைத்துடுங்க.