சர்க்கரை வந்த பூனைக்கு ட்ரை ஃபுட் நிறுத்தி டின் உணவு: எங்கள் வேலூர்ப் பக்க அனுபவங்கள் (எழுதியவர்களின் ஊர்ப் பெயரோடு)

சத்துவாச்சாரி

எங்கள் ராசுவுக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, 6.8 கிலோ. போன மாசி மாதம், வாசல் தெளிக்க வைத்திருக்கும் வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். நம் ஊர் வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்ததால் அதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். அப்புறம் மணல் தட்டில் அவன் மூத்திரம் போன இடத்தை எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்ததுமே என் மாமியார், "ஏம்மா, இவனுக்கும் என்னை மாதிரி சர்க்கரைதான்" என்றார். பதினான்கு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர் அவர்.

அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. கிளினிக்கில் 420 காட்டியது. பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும் என்பதால் டாக்டர் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பவில்லை. மூத்திரத்தைப் பார்த்தார், கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் எடுத்தார். அதற்குள் ராசு பின்னங்கால் குதி தரையில் படும்படி நடக்கத் தொடங்கியிருந்தான். அதுவும் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

கிளார்ஜின் இன்சுலின் காலை 1 யூனிட், மாலை 1 யூனிட். சில வாரங்களில் அது 2 ஆனது. "சாப்பாட்டையும் மாற்றப் பாருங்கள், ஆனால் மாற்றும்போது எனக்குச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்" என்றார் டாக்டர். பின்பாதியை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

பூனை முழுக்க இறைச்சியில் வாழும் பிராணி. மாவுச்சத்தைச் சமாளிக்க அதன் உடம்பில் பெரிய ஏற்பாடு கிடையாது. ட்ரை ஃபுட் உருண்டை உருண்டையாக நிற்க வேண்டுமென்றால் அதில் மாவு சேர்ந்தே ஆக வேண்டும். டின் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதோடு ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம் அளவுக்குத்தான், டின்னில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்.

ராசுவுக்கு நாள் முழுக்க ட்ரை ஃபுட் நிறைந்த கிண்ணம் வைத்தே பழக்கியிருந்தோம். முதலில் அதை நிறுத்தி, வேளைக்கு வேளை என்று கொண்டுவந்தோம். பிறகு ஒரு ஸ்பூன் டின் உணவு கலந்து வைத்தால், அதை மட்டும் சுற்றி ஒதுக்கிவிட்டு உருண்டைகளைத் தின்றான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர்ச்சியாக வைத்தால் முகர்ந்தும் பார்க்க மாட்டான். கிண்ணத்தைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும், அப்போது வருவான். அதன் மேல் பழைய ட்ரை ஃபுட்டை அம்மிக்குழவியால் பொடித்துத் தூவினேன். அதுதான் வேலை செய்தது.

பதினோராவது நாள் மாலை, ஒரு உருண்டைகூட இல்லாமல் டின் உணவை முழுவதும் நக்கித் தீர்த்தான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வழக்கம்போல 2 யூனிட் போட்டேன்.

இரவு பதினொன்றரை மணிக்குக் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு அலறல். வெளியே வந்தவன் தள்ளாடினான், சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். நான் கைகால் ஓடாமல் நிற்க, மாமியார்தான், "சர்க்கரை தாழ்ந்துடுச்சும்மா, எனக்கு வர்ற மாதிரியேதான் வருது. தேனை எடு" என்று எழுந்து வந்தார். மிஷினில் 41. தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினோம். வாய்க்குள் ஊற்றவில்லை, தள்ளாடும் பூனைக்குப் புரையேறிவிடும். கால் மணி நேரத்தில் 63. கொஞ்சம் தெளிந்ததும் ட்ரை ஃபுட்டையே கொடுத்தோம், அந்த நேரத்தில் அந்த மாவுதான் தேவை. கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து என்பதால் விடியும்வரை மணிக்கொரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தோம். டாக்டர் இரவிலேயே போனை எடுத்தார். காலையில் கொண்டுபோனதும் அரை யூனிட்டாகக் குறைத்தார்.

மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறைந்துவிடும், சில பூனைகளுக்கு ஓரிரு நாளிலேயே. ஆகவே தட்டில் செய்யும் மாற்றம் ஊசியில் செய்யும் மாற்றத்துக்குச் சமம். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாமல், டாக்டரிடம் சொல்லாமல் தயவுசெய்து யாரும் இதைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமியாருடைய இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ராசுவுடையது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து, அதற்கு ஆரஞ்சு மூடி. ராசுவின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். ஒரு நாள் என் கணவர் சிவப்பு மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது பார்த்துத் தடுத்தேன். இப்போது இருவருடையதும் வெவ்வேறு எவர்சில்வர் டப்பாவில், வெவ்வேறு தட்டில் இருக்கின்றன.

ஐப்பசியில் ஊசி முழுவதுமாக நின்றது. இப்போது 5.6 கிலோ, குதி தூக்கி நடக்கிறான், மாடிச் சுவர் வரை ஏறுகிறான். நோய் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வாரம் ஒருமுறை சோதிக்கிறோம்.

ஆற்காடு

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் பொம்மி ஞாபகம். நாங்கள் செய்த தவறு வேறு மாதிரி. "பட்டினி போட்டால் தானாகத் தின்னும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, ட்ரை ஃபுட்டை ஒரேயடியாக எடுத்துவிட்டோம். மூன்று நாள் எதையும் தொடவில்லை. நான்காம் நாள் காதின் உட்புறமும் கண்ணும் மஞ்சளாக இருந்தன. குண்டான பூனை சாப்பிடாமல் கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளுமாம். நாய்க்குச் சொல்லும் யோசனை பூனைக்குப் பொருந்தாது.

வண்டி எடுத்துக்கொண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். கழுத்தில் குழாய் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் கரைத்த உணவு செலுத்தித்தான் பிழைத்தாள். இன்சுலின் போடும் பூனை ஒரு வேளை சாப்பிடவில்லை என்றாலே, ஊசி போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பழைய உணவையே வைத்துவிடுங்கள். பத்து நாள் வேலை ஒரு மாதம் ஆனால்தான் என்ன?

காட்பாடி

எங்கள் பக்கக் கடைகளில் டின்னைவிடப் பவுச்தான் அதிகம். எல்லாப் பவுச்சும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். கிரேவி என்று போட்டிருப்பதில் குழம்பு கெட்டியாக மாவு சேர்ப்பார்கள். அதைக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கவே இல்லை. அரைத்துக் கட்டியாக இருக்கும் வகைக்கு மாற்றியதும் இறங்கியது.

மாவுச்சத்து எவ்வளவு என்று உறையில் பெரும்பாலும் இருக்காது. புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) எல்லாவற்றையும் கூட்டி நூறில் கழித்தால் வரும். நான் வாங்கிய ட்ரை ஃபுட்டில் 30, 10, 4, 10, 8 போக மிச்சம் 38. டின்னில் 11, 5, 0.5, 80, 2 போக மிச்சம் 1.5தான். ஈரம் இவ்வளவு வித்தியாசமாக இருப்பதால் இதை அப்படியே ஒப்பிடக் கூடாது, கலோரியாக்கிப் பார்க்க வேண்டும். புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5. அப்படிப் பார்த்தால் ட்ரை ஃபுட்டின் கலோரியில் 41 சதவீதம் மாவு, டின்னில் 6. உறையில் இருப்பவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இது தோராயம்தான், ஆனால் எதை வாங்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

செலவு கட்டுப்படியாகாமல் வெறும் வேகவைத்த கோழிக்கு மாறலாமா என்று யோசித்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். கால்சியம் இருக்காது, டாரின் என்கிற சத்து போதாது, நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். நாங்கள் குழம்பிலிருந்து எடுத்துப் போடும் மீனும் நிறுத்தப்பட்டது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்துக்கே ஆகாதாம்.

குடியாத்தம்

எங்களுடையது பதினான்கு வயதுக் கிழவி, சிறுநீரகமும் பழுது. அவளுக்கு ஊசி நிற்கவில்லை, நிற்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை. சிறுநீரகத்துக்கு ஏற்ற டின்னாகப் பார்த்து அவர்தான் எழுதிக்கொடுத்தார். ஆனால் 3 யூனிட்டிலிருந்து ஒன்றரைக்கு வந்திருக்கிறாள், ராத்திரி முழுக்கத் தண்ணீருக்கு அலைவதில்லை. இதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

சித்திரை வெயிலில் டின் உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே தாங்காது. கொஞ்சமாக வையுங்கள், மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்தால் போதும், சாக்பீஸ் மருந்து பூனை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ராணிப்பேட்டை

எங்கள் பூனைப் பையனுக்குப் போன வாரம்தான் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் மீட்டர் வாங்கச் சொல்லிவிட்டார். காதில் குத்தவே கை நடுங்குகிறது. நான்கு ஸ்ட்ரிப் வீணாகிவிட்டது. சத்துவாச்சாரி அக்கா, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

சத்துவாச்சாரி

முதல் வாரம் எனக்கும் பாதிக்கு மேல் வீண்தான், கவலைப்படாதீர்கள். ஒரு சாக்ஸில் கொஞ்சம் அரிசி போட்டுச் சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவன் காதில் ஒரு நிமிடம் வையுங்கள். காது சூடானால்தான் ரத்தம் வரும். காதின் வெளி ஓரமாக ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும், அதன் மேலேயே குத்தாமல் அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் குத்துங்கள். பின்பக்கம் பஞ்சு வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் குத்தாது. எடுத்தபின் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் தடித்துவிடும். மனிதருக்கான மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லி எந்த எண்ணில் ஊசியை நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குத்தியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. ராசு இப்போது காலை ஆறு மணிக்கு, மாமியார் தன் விரலில் குத்திக்கொள்ளும் நேரத்தில், தானே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான்.