மறு: 'கூப்பே'வுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள்)

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். அறுபது, எழுபதுகளின் கார்களைப் பற்றிய சிறுவர் படநூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1961இல் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பின் படத்தின் கீழே 'கூப்பே' என்ற கார்வகைப் பெயரைப் போட்டால், ரயில் முதல் வகுப்பில் இருவர் படுக்கும் அறையைத்தான் பெற்றோர் நினைப்பார்கள். ஃபோர்டு முஸ்டாங் 'ஃபாஸ்ட்பேக்' காரின் கூரை வால்முனை வரை வழிந்திறங்குவதால் அதற்குச் 'சரிகூரை' என்று எழுதிவிட்டேன். கூப்பேதான் இடிக்கிறது.

மடல் 2 – தமிழாசிரியர்
சரிகூரையில் கைவைக்க வேண்டாம்; நன்று. கூப்பே என்பது 'வெட்டப்பட்டது' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். எதிரெதிர் இருக்கைகள் கொண்ட குதிரை வண்டியின் முன்பகுதியை வெட்டிவிட்டு, இருவர் மட்டும் அமரச் செய்த வண்டிக்கு முதலில் அப்பெயர் வழங்கியது. தமிழில் ஈர்தல் என்றால் அறுத்தல், ஈர்வாளை நினைத்துக்கொள்ளுங்கள். உந்து என்றால் வண்டி. ஆகவே 'ஈருந்து' என்போம். இரண்டு என்பதும் உயிர்முன் ஈர் என்றே திரிவதால், இரு கதவும் இருவர் இருக்கையும் அச்சொல்லுக்குள் தாமே வந்து அமர்கின்றன.

மடல் 3 – வாசகர்
ஈருந்து வினைத்தொகை என்றால் 'வெட்டுகிற உந்து' ஆகாதா? ஈருருளி என்று படித்த பிள்ளை இதை இரண்டு கார் என்றும் எண்ணும்.

மடல் 4 – தமிழாசிரியர்
குடிநீர் எதையும் குடிப்பதில்லை, ஐயா. நீர் குடிக்கப்படுவது போல இங்கே உந்து ஈரப்படுகிறது. தென்னோலையைக் கிழித்தெடுக்கும் ஈர்க்கும் இந்த வேரில் பிறந்ததே என்பது என் துணிபு. துணிபும் துணித்தலில், அதாவது வெட்டுதலில், பிறந்ததுதான். ஆனால் 'துணியுந்து' என்றால் புடவை விற்கும் வண்டியாகிவிடும்.

மடல் 5 – இயந்திரவியலாளர்
கதவை எண்ணிப் பெயர் வைக்காதீர்கள். 1962இல் வந்த ரோவர் பி5 கூப்பேவுக்கு நான்கு கதவுகள். செடான் என்னும் வழக்கமான நான்கு கதவுக் காரின் கூரையைத் தாழ்த்தியே அதைக் கூப்பே ஆக்கினார்கள். இ-டைப்பிலும் 1966இல் சக்கர இடைத்தொலைவை 9 அங்குலம் நீட்டிப் பின்னால் இரண்டு சிறு இருக்கைகளைச் சேர்த்தார்கள், அதுவும் கூப்பேதான். மாறாக, இரு கதவும் இருவர் இருக்கையும் கொண்ட திறந்த இ-டைப்பை யாரும் அப்படி அழைப்பதில்லை. பொருள் கூரையில் இருக்கிறது. 'தாழ்கூரைக் கார்' என்றால் சரிகூரைக்கும் இணையாக நிற்கும்.

மடல் 6 – பள்ளி ஆசிரியை
ஏழாம் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதி வரையச் சொன்னேன். ஈருந்துக்குப் பெரும்பாலோர் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் இரண்டு கார்களை வரைந்தார்கள். தாழ்கூரைக் காருக்கு ஒருவன் காரின் மேல் ஓட்டுக்கூரையே போட்டுவிட்டான். ஆனாலும் மற்றவர்களின் கார்கள் தட்டையாகவே வந்தன.

மடல் 7 – மொழிபெயர்ப்பாளர்
தனிமடல்களையும் சேர்த்துத் தாழ்கூரைக்கு ஐவர், ஈருந்துக்கு இருவர். நேரமில்லை, தாழ்கூரைக் கார் என்றே அனுப்புகிறேன். பின்னிணைப்பில் கூப்பேவும் இருக்கும்.

மடல் 8 – தமிழாசிரியர்
அனுப்புங்கள். ஆனால் தாழ்கூரைக் கார் என்பது வருணனை, பெயர் அன்று. கூரையே இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த வண்டி என்றால் என் மருமகனின் பழைய வேனும் அதுதான். கார் என்பதோ எனக்கு இன்னும் மழைமேகம். அடுத்த பதிப்பின்போது ஈருந்தை மறுபடி எழுப்புவேன்.